ஞானப்பிரகாசத்துக்காகத் தேடப்பட்ட ஊசி

ஞானப்பிரகாசம் இறந்த செய்தி எங்கள் தரப் பிரிவின் வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. காலை ஷிஃப்டுக்காக ஒரகடம் போகும் கம்பெனி பஸ்ஸில் இருந்தேன். செய்தியைப் போட்டவர் எங்கள் வெல்ஃபேர் ஆபீசர் ரமேஷ்பாபு. 'நம்மால் முடிந்த அனைத்தையும் செய்தோம், இறைவன் சித்தம் வேறாக இருந்தது' என்று எழுதி, கீழே எரியும் மெழுகுவத்திப் படம் வேறு. பஸ் வல்லக்கோட்டையைத் தாண்டுவதற்குள் கும்பிடும் கைகளாக வந்து குவிந்தன. பழியை இறைவன் தலையில் இறக்கிவைத்த லாவகத்தைப் பார்த்தபோது எனக்கு அழுகை வரவில்லை. பற்றிக்கொண்டு வந்தது.

உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். பலருக்கு அவரைப் பிடிக்காது என்பதும் எனக்குத் தெரியும். பிரேக் பாகங்கள் செய்யும் எங்கள் ஆலையில் அவர் தரப் பரிசோதகர். பக்கத்து மேசை என்னுடையது. ஒரு மாதக் கடைசியில் லைன் சூப்பர்வைசர் ஒரு ட்ரே நிறையப் பாகங்களைக் கொண்டுவந்து, "சார், கண்ணுக்கு ஒண்ணும் தெரியல, பாஸ் பண்ணிடுங்க" என்று குழைந்தார். ஞானப்பிரகாசம் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கண்ணுக்குத் தெரியலன்னா அளவு பாக்கற கேஜ் வெச்சுப் பாரு. அதுவும் முடியலன்னா தெரியலன்னு சொல்லு. தெரிஞ்ச மாரி பேசினு வராத" என்றார். ட்ரேயில் தேறாத சரக்குக்கான சிவப்பு அட்டை ஏறியது. சூப்பர்வைசர் அன்று கேன்டீனில் அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டார்.

இவ்வளவு கறாரான மனிதர் தன் உடம்பை மட்டும் அளக்காமலே பாஸ் பண்ணினார். செத்துப்போனார் என்பதற்காக இதை நான் மறைக்கப் போவதில்லை. ரத்தக் கொதிப்பு மாத்திரையை, 'நல்லாத்தானே கீறேன்' என்று தானாகவே நிறுத்தியிருந்தார். "அடிக்கடி தலைவலின்றீங்களே, பிரஷர் பாத்தீங்களா?" என்று ஒருநாள் கேட்டேன். "தலைன்னு ஒண்ணு இருந்தா வலிக்கும், வசந்தி. ரமேஷ்பாபுவுக்கு என்னிக்காவது வலிச்சுதா?" என்றார். பேச்சு சிரிப்போடு முடிந்தது. முட்டாள்தனத்தைக்கூட அழகாகப் பேசத் தெரிந்தவர்.

சோதனை மேசையிலேயே சரிந்தார். வாய் கோணியது, வலது கை துவண்டது. ஸ்ட்ரெச்சர் வருவதற்குள் ஒரு மேதாவி தன் ஐடி கார்டில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி, அவர் விரல் நுனிகளில் குத்தி ரத்தம் பிதுக்க ஆரம்பித்தார். "இன்னா பண்றே நீ?" என்று கையைத் தட்டிவிட்டேன். "ஸ்ட்ரோக்குக்கு இதான் மேடம் ஃபர்ஸ்ட் எய்டு, குரூப்புல வந்துது" என்றார். அந்த ஆளும் பிறகு கும்பிடும் கை போட்டிருந்தார்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து மருத்துவமனையில் உடனே ஸ்கேன் எடுத்தார்கள். பிள்ளைப்பாக்கத்திலிருந்து ஓடிவந்திருந்த அவர் மனைவி ஸ்டெல்லாவிடம் டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். "இது ரத்தக்குழாய் அடைப்பு இல்லம்மா. உள்ள குழாய் வெடிச்சு ரத்தம் கசிஞ்சிருக்கு. ஆழத்துல இருக்கறதால மண்டையைத் திறந்து எடுக்கறதுல இவருக்குப் பெரிய பலன் இல்ல. பிரஷரை மருந்து குடுத்து இறக்கிட்டிருக்கோம். மூளையில தண்ணி போற வழி அடைச்சுக்கிட்டு வீக்கம் ஏறுது. சின்னதா துளை போட்டு ஒரு குழாய் வெச்சு அதை வடிக்கணும். இப்பவே செய்யணும்."

இதில் புரியாதது என்ன இருக்கிறது? ஸ்டெல்லாவுக்குப் புரிந்தது. கம்பெனி சார்பில் என்னோடு வந்திருந்த ரமேஷ்பாபுவுக்குப் புரியவில்லை. காரணம், பாதுகாப்பு வாரத்தில் அவரே எழுதி அவரே டாக்டராக நடித்த நாடகம். அதில் வாய் கோணி விழுந்த தொழிலாளிக்கு ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போடுவார். போட்டதும் அவன் எழுந்து ஜெனரல் மேனேஜருக்கு வணக்கம் வைப்பான். பலமான கைதட்டல். அந்தக் கைதட்டல் தந்த மருத்துவப் பட்டத்தோடு, "கட்டியைக் கரைக்கிற ஊசி ஏன் போடல? டைம் போயிட்டே இருக்கு" என்று அதட்டினார். "கசியற இடத்துல அந்த ஊசி போட்டா கசிவு அதிகமாயிடும் சார். ஆளைக் கொன்னுடும்" என்றார் டாக்டரம்மா. "அப்ப உங்ககிட்ட ஊசி இல்ல. அதைச் சொல்லுங்க" என்றார் இவர்.

ஸ்டெல்லாவின் அண்ணன் வின்சென்ட், மனை புரோக்கர். இந்த வார்த்தைக்காகவே காத்திருந்ததுபோல, "இன்னா சார் இது, துளை போட்டு பில்லை ஏத்தறானுங்க. சிட்டில பெரிய ஆஸ்பத்திரில நம்ம ஆள் கீறான். போனா ஊசி போட்டு வூட்டுக்கு அனுப்பிடுவான்" என்றார். வழியில் எதுவும் ஆகலாம் என்று டாக்டரம்மா எச்சரித்தார். நான் கத்தினேன். "லேடீஸ் கொஞ்சம் நகருங்க" என்றார்கள். எங்கள் பொறுப்பில் கூட்டிப்போகிறோம் என்று வின்சென்ட் கையெழுத்துப் போட்டார். ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது.

சென்னையில் 'நம்ம ஆள்' போனையே எடுக்கவில்லை. அங்கிருந்த டாக்டர் அதே ஸ்கேனைப் பார்த்து அதே விஷயத்தைச் சொல்லி, அதே குழாயை வைத்தார். அதற்குள் ஞானப்பிரகாசத்துக்கு நினைவு முழுக்கப் போயிருந்தது. திரும்பவே இல்லை. முதலிலேயே வைத்திருந்தால் பிழைத்திருப்பாரா? தெரியாது. எந்த டாக்டரும் அப்படி உறுதி கொடுக்கவில்லை. ஆனால் அவருக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. அதைச் சாலையில் கொட்டிவிட்டு வந்தார்கள்.

அடக்கத்தன்று கம்பெனி சார்பில் பெரிய மலர்வளையத்தோடு ரமேஷ்பாபு வந்தார். கூடவே படம் எடுக்க ஓர் ஆள். "கம்பெனி உங்க பின்னாடி நிக்கும்மா. சாருக்கு ஒரு குறையும் வெக்கல நாங்க" என்றார்.

ஸ்டெல்லா எழுந்து நின்றார். "அந்த டாக்டரம்மா எங்கிட்டதான் சார் கேட்டாங்க. குழாய் வெக்க நான் சரின்னு சொன்னேன். மூணு தபா சொன்னேன். உங்க சத்தத்துல யாருக்குமே கேக்கல."

ரமேஷ்பாபு என் பக்கம் திரும்பினார். "பாவம், அதிர்ச்சில ஏதோ பேசறாங்க. உள்ள கூட்டிட்டுப் போங்க மேடம்."

ஞானப்பிரகாசத்திடம் இருந்தவற்றில் நான் எடுத்து வைத்துக்கொண்டது அவருடைய மரியாதை தெரியாத நாக்கை. அதற்கு அன்றே வேலை வந்தது. "அவங்க சரியாத்தான் பேசறாங்க. நீங்க வெளிய போங்க" என்றேன்.

மலர்வளையத்தை வைக்க அவரை நாங்கள் விடவில்லை.