பிரித்தெடுத்த மூன்று கோடுகள்

தேசப்பன் மாமாவைச் சரக்கு வேகன் கொல்லவில்லை. அவர் வேலை பார்த்த படை கொன்றது. காது கேட்கவில்லை என்று சொல்லி அவருக்குப் பதவி உயர்வை மறுத்தார்கள். பிறகு அதே காதோடு அவரைத் தண்டவாளங்களுக்கு நடுவே காவலுக்கு நடக்கவிட்டார்கள். இதில் புரியாமல் போக ஒன்றும் இல்லை. படையின் பெயரை எழுத வேண்டாம் என்று இந்தப் பத்திரிகையின் ஆசிரியர் கேட்டுக்கொண்டார். எழுதவில்லை. படிக்க வேண்டியவர்களுக்குத் தெரியும்.

செய்தி வந்தபோது நான் கும்மிடிப்பூண்டியில், நான் வேலை செய்யும் பட்டறையில், லேத்தின் முன் நின்றிருந்தேன். வாசலில் ஆள் வந்திருப்பதாக வாட்ச்மேன் கூப்பிட்டான். வெளியே முனிரத்தினம் நின்றிருந்தார். மாமாவோடு படையில் சேர்ந்தவர், மாமாவின் நெருங்கிய நண்பர். காக்கிச் சட்டை போட்டிருந்தார், தலையில் தொப்பி இல்லை. ஆரம்பாக்கத்துக்காரர், பிரியம் வைத்தவர்களையெல்லாம் நைனா என்றே கூப்பிடுவார்.

"நைனா போயிட்டாருப்பா" என்றார். "யார்டுல. வேகன் வந்துக்கினு இருந்தது அவருக்குத் தெரியல. எல்லாரும் கத்தினாங்களாம்."

எல்லோரும் கத்தினார்கள். எண்ணெய்க் கையோடு அவர் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து ஸ்டேஷனுக்குப் போனேன்.

தேசப்பன் என் அக்கா கன்னியம்மாவின் கணவர். பழவேற்காடு ஏரிக்கரையில் எங்கள் குப்பத்திலேயே பிறந்தவர். வீட்டிலிருந்த ஒரே படகு அண்ணன்மாருக்கே போதவில்லை. அறுபதுகளின் தொடக்கத்தில் பொன்னேரியில் படைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அண்ணனின் வேட்டியைக் கட்டிக்கொண்டு போய் வரிசையில் நின்றார். பயிற்சி முடிந்து காக்கியில் திரும்பி வந்தபோது, போலீஸ் வந்துவிட்டது என்று சாராயம் காய்ச்சுகிறவர்கள் சவுக்குத் தோப்புக்குள் ஓடினார்களாம். "ஓடாதீங்கடா, நான்தான்டா தேசப்பன், இன்னாடா உங்களுக்கு பேஜாரு!" என்று கத்திக்கொண்டே இவர் பின்னால் ஓட, அவர்கள் இன்னும் வேகமாக ஓடினார்களாம். அக்கா இதைச் சொல்லும்போதெல்லாம் மாமா தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பார். எங்கள் குப்பத்தில் முதன்முதலாக பூட்ஸ் போட்ட மனிதர் அவர்தான்.

படையில் அவருடைய குறி தப்பாது. அதுவே அவருக்கு வினையானது. திருவள்ளூருக்கு மேற்கே முள் மண்டிய மேட்டில் துப்பாக்கிப் பயிற்சித் திடல் இருந்தது. நன்றாகச் சுடுகிறவன் புதியவர்களைப் பழக்கட்டும் என்று அவரை அங்கே போட்டார்கள். புதிதாகச் சேர்ந்த பையன்கள் குப்புறப் படுத்துச் சுடுவார்கள். மாமா ஒவ்வொருவன் தோளருகிலும் மண்டியிட்டு முழங்கையைச் சரிசெய்வார், நடுங்கும் கையைப் பிடித்துக்கொள்வார். துப்பாக்கி வெடிப்பது அவர் காதுக்கு ஒரு முழத் தூரத்தில். காலை முழுக்க அப்படி. வருடக்கணக்கில் அப்படி.

அதிகாரிகள் திடலுக்கு வந்தால் காதில் பஞ்சு வைத்துக்கொள்வார்கள். கான்ஸ்டபிள்கள் வைக்கக் கூடாது. வைத்தால் ஆர்டர் காதில் விழாதாம். ஒருநாள் மாமா வேட்டியிலிருந்து ஒரு துண்டைக் கிழித்து உருட்டிக் காதில் வைத்துக்கொண்டு போனார். அதற்காக அவரைத் துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி திடலைச் சுற்றி ஓடவிட்டார்கள்.

"ஆர்டர் போட்றவன் காத மூடிக்கலாம் மச்சான்" என்று என்னிடம் சொன்னார். "வாங்கிக்கிறவந்தான் தெறந்து வெக்கணும். அது ரூலு."

அப்போது அவர்கள் மணவாள நகரில் ஒரு பின்கட்டு வீட்டில் குடியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அங்கே சாப்பிடப் போவேன். காதுக்குள் வண்டு ஒன்று உட்கார்ந்துகொண்டு ரீங்காரம் போடுவதாக மாமா சொல்ல ஆரம்பித்தது அங்கேதான். முதலில் விளையாட்டாகத்தான் இருந்தது.

"யோவ், எம்மா நேரமா கத்திக்கினு கீறேன், காதுல விழல?" என்பாள் அக்கா.

"வண்டு பாடுதுடி. அது முடிச்சப்புறம் நீ பாடு."

"வண்டுக்கே சோத்தப் போடச் சொல்லு."

"அது உன்ன மாதிரி உப்ப அள்ளிக் கொட்டாது."

கொஞ்ச நாளில் அவர் எங்கள் முகத்தைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்கிறார் என்பது எனக்குத் தெரிந்தது. அக்கா முதுகைக் காட்டிப் பேசுவதை விட்டுவிட்டாள். அவர் தோளைத் தொட்டுத் திருப்பிவிட்டுத்தான் திட்டத் தொடங்குவாள்.

வீட்டில் இப்படிச் சமாளிக்கலாம். அணிவகுப்பில் எப்படி? காலையில் பெயர் கூப்பிடும்போது எல்லோரும் நேரே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். கூப்பிடுகிறவர் பக்கவாட்டில் நிற்பார். உதட்டைப் பார்க்க வழி இல்லை. அதற்கு முனிரத்தினம் ஒரு வழி செய்தார். மாமாவுக்கு இடது பக்கம் எப்போதும் அவரே நிற்பார். தேசப்பன் என்ற பெயர் வந்ததும் தன் துப்பாக்கியின் அடிக்கட்டையால் தரையை ஒரு தட்டு தட்டுவார். அந்த அதிர்வு மாமாவின் பூட்ஸ் வழியாக ஏறும். உடனே "ஹாஜர் சார்!" என்பார் மாமா. வரிசையில் அவர் குரலைப் போல உரத்த குரல் வேறு யாருக்கும் இல்லை.

முனிரத்தினத்துக்கு விடுப்பு என்றால் இன்னொருவர் அந்த இடத்தில் நின்று தட்டுவார். வரிசை முழுவதற்கும் இது தெரியும். ஒருவரும் மேலே சொல்லவில்லை. காதுக்கென்று ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பேரைப் பதிந்தவர்களை வீட்டுக்கு அனுப்பியதை எல்லோரும் பார்த்திருந்தார்கள். தேசப்பனைக் காப்பாற்றுகிறோம் என்றுதான் நினைத்தார்கள். நல்ல மனதோடு செய்தார்கள். அதுதான் பின்னால் அவர் கழுத்தை அறுத்தது.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஏட்டுப் பதவிக்கான தேர்வு வந்தது. ஏட்டு என்றால் சட்டைக் கையில் மூன்று கோடு. வெளியே இருப்பவர்களுக்கு அது துணிப்பட்டை. உள்ளே இருப்பவர்களுக்கு அப்படி இல்லை. கோடு இல்லாதவனை நேற்று சேர்ந்த அதிகாரிப் பையன்கூட "டேய்" என்பான். மாமாவை அவர்களில் சிலர் "டேய் செவுடா" என்றே அழைத்தார்கள், வேடிக்கையாகத்தான் என்றாலும். கோடு ஏறினால் "ஏட்டய்யா". மாமாவுக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு சொல்தான்.

எழுத்துத் தேர்வு, கவாத்து, சுடுதல் எல்லாவற்றிலும் அவருடைய பெயர்தான் முதலில் இருந்தது. மருத்துவப் பரிசோதனை மட்டும் பாக்கி. அது வெறும் சடங்கு, கண்ணைப் பார்த்து நெஞ்சைத் தட்டி அனுப்பிவிடுவார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். தேறியவர்கள் எல்லோருமே கோடு தைக்கக் கொடுத்துவிட்டார்கள். மாமாவும் கொடுத்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது அக்கா சேமியா பாயசம் வைத்திருந்தாள். மாமா கோடு தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு, கூடத்தில் இரண்டு நடை நடந்து காட்டினார். ஆர்டர் வருவதற்கு முன் வெளியே போடக் கூடாது.

"சல்யூட் அடிடா மச்சான்."

அடித்தேன்.

"இன்னாடா இது, ஈ ஓட்டறவன் மாதிரி? ஏட்டுக்கு அடிக்கிற சல்யூட்டா இது?"

அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பரிசோதனையில் என்ன நடந்தது என்பதை மாமாவே சொன்னார். அவரைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னார்கள். டாக்டர் அறையின் மறுகோடிக்குப் போய் மெல்லிய குரலில் ஏதோ சொல்வார், இவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். மாமா நின்றார். நெடுநேரம் நின்றார். பிறகு சுவரைப் பார்த்தபடியே பணிவாகக் கேட்டார்: "எப்ப சார் ஆரம்பிப்பீங்க?"

டாக்டர் அதற்குள் முடித்துவிட்டிருந்தார்.

காது எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டார்கள். திடலில் போனது என்றார் மாமா. திடலில் போயிருந்தால் ஏன் ஒருமுறைகூட ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை? இத்தனை வருடம் ஒருநாள் தவறாமல் ரோல்காலில் பதில் சொல்லியிருக்கிறாயே, எப்படி? ஆகவே காது சமீபத்தில்தான் போயிருக்கிறது. அல்லது ஆரம்பத்திலிருந்தே இல்லை, மறைத்துவிட்டாய். இரண்டில் எது என்றாலும் படைக்குப் பொறுப்பில்லை. பதவி உயர்வுக்குத் தகுதியில்லை என்று முடித்தார்கள், வேலையை மட்டும் விட்டுவைத்தார்கள்.

முனிரத்தினம் அதிகாரியின் அறைக்குப் போனார். "நான்தான் சார் தட்டினேன். அவருக்கு அப்பவே கேக்காது. திடல்லதான் போச்சு" என்றார். அப்படியானால் உன்மேலும் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றார் அதிகாரி. வெளியே நின்றிருந்த மாமாவுக்குப் பேச்சு கேட்கவில்லை. கதவின் கண்ணாடி வழியாக முனிரத்தினத்தின் முகம் தெரிந்தது. உள்ளே போய், சல்யூட் வைத்து, நண்பரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"உனுக்கு மூணு பொண்ணு கீது. மூடிக்கினு வா நைனா" என்றாராம். அன்றிலிருந்து சாகும்வரை அந்தத் தட்டலைப் பற்றி ஒரு குறை சொன்னதில்லை. முனிரத்தினம்தான் அதைச் சொல்லிச் சொல்லி இப்போதும் அழுகிறார்.

அன்று மாலை மாமா கூடத்தில் உட்கார்ந்து, பிளேடால் கோடுகளை ஒவ்வொரு தையலாகப் பிரித்தார். அக்கா பிரிக்கிறேன் என்றாள், கொடுக்கவில்லை. துணி கிழியாமல் பொறுமையாகப் பிரித்தார். நூல் போய்விட்டது. ஊசி ஏறிய துளைகள் மட்டும் வரிசையாக நின்றன. அந்தச் சட்டையைத்தான் மறுநாள் போட்டுக்கொண்டு போனார்.

எனக்கு இரத்தம் கொதித்தது. மனு எழுதலாம், எங்கள் தொழிற்சங்கத்தில் வக்கீலைத் தெரியும், விடக் கூடாது என்று கத்தினேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மெதுவா பேசு மச்சான். கத்தினா உன் வாய் கோணுது, எனக்குப் புரியல."



சில மாதங்களில் அவரைச் சரக்கு யார்டுக்கு மாற்றினார்கள். வேகன்களில் திருட்டு நடக்காமல் தண்டவாளங்களுக்கு நடுவில் நடந்து பார்க்கும் வேலை. இதை யோசித்துப் பார்க்க வேண்டும். ஏட்டு என்பவர் பெரும்பாலும் அறைக்குள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர். அந்த நாற்காலிக்குக் காது வேண்டுமாம். யார்டில் என்ஜின் ஒரு தள்ளு தள்ளி விட்டுவிடும். வேகன் தன்னந்தனியாக உருண்டு வரும். புகை இல்லை, ஊதல் இல்லை. சக்கரம் உருளும் ஓசை ஒன்றுதான் எச்சரிக்கை. அங்கே காது வேண்டாமாம். அக்கா அலுவலகத்துக்குப் போய் இதைக் கேட்டாள். "போன் எடுக்கக் காது வேணும்மா, நடக்கறதுக்குக் கால் போதும்" என்று சொல்லி அனுப்பினார்கள்.

முனிரத்தினத்தை வேறு இடத்தில் போட்டிருந்தார்கள். யார்டில் மாமாவின் இடது பக்கத்தில் யாரும் இல்லை.

ஆனாலும் சில வருடங்கள் அவர் பிழைத்துக்கிடந்தார். நாலு எட்டுக்கு ஒருமுறை திரும்பிப் பார்த்துப் பார்த்து நடப்பாராம். யார்டு ஆட்கள் அந்த நடையைச் செய்துகாட்டிச் சிரிப்பார்கள், அவரும் கூடச் சிரிப்பார். வீட்டிலும் அந்தப் பழக்கம் வந்துவிட்டது. கடைக்குப் போகும்போது வெறும் தெருவில் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு நடந்த அவரை நான் பார்த்திருக்கிறேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன வாரம் ஒரு காலையில், ஒரேயொரு முறை, அவர் திரும்பிப் பார்க்கத் தாமதமானது. கவனக்குறைவு என்று அறிக்கை எழுதிவிட்டார்கள்.

குப்பத்துக்குக் கொண்டுவந்து, ஏரிக்கு மேற்கே அவருடைய அப்பாவின் பக்கத்தில் அடக்கம் செய்தோம். அன்று யாரும் படகு இறக்கவில்லை. போய் வாருங்கள் மாமா. இனி நீங்கள் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை.

மூன்றாம் நாள் பால் ஊற்றிவிட்டு வீட்டுக்கு வந்தபோது வாசலில் ஜீப் நின்றது. ஓர் அதிகாரியும் இரண்டு கான்ஸ்டபிள்களும் வந்திருந்தார்கள். அதிகாரி தொப்பியைக் கழற்றி வருத்தம் தெரிவித்தார். இறந்தவரின் யூனிபாரம் படையின் சொத்து, திருப்பித் தர வேண்டும் என்பது விதி என்றார். முனிரத்தினமும் எங்களோடுதான் நின்றிருந்தார். அவர் தரையைப் பார்த்தார்.

அக்கா உள்ளே போய் பெல்ட்டைக் கொண்டுவந்து வைத்தாள். தொப்பியை வைத்தாள். பூட்ஸை வைத்தாள். கடைசியாகத் துவைத்து மடித்த சட்டையைக் கொண்டுவந்தாள். கீழே வைக்கவில்லை. சட்டைக் கையை விரித்து அந்த ஊசித் துளைகளை அதிகாரியின் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"இதுல கோடு இருந்திச்சி சார். நீங்கதான் எடுத்தீங்க. மூணு கோட்டையும் தெச்சிட்டு எடுத்துக்கினு போங்க."

அதிகாரி கான்ஸ்டபிள்களைப் பார்த்தார். அவர்கள் பெல்ட்டையும் தொப்பியையும் பூட்ஸையும் எடுத்துக்கொண்டார்கள். அதிகாரிக்குக் காதில் எந்தக் குறையும் இல்லை. அக்கா இன்னொரு தரம், ஏரிக்கரை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

"கோட்டத் தெச்சிக் குடுங்க சார்."

ஜீப் கிளம்பியது. சட்டை அக்கா கையில் இருக்கிறது.