உள்ளே இரண்டு வால்வு

உங்கள் நெஞ்சுக்குள் டாக்டர் ஒரு பொருளை நழுவவிட்டு, அதை வெளியே எடுக்கவும் முடியாமல் போனால், அவருக்கு நன்றி சொல்வீர்களா? ஒரு லிஃப்ட் மெக்கானிக் சொன்னார். இரண்டு கையும் கூப்பிச் சொன்னார்.

அவருடைய இதய வால்வு சுருங்கிப்போயிருந்தது. நெஞ்சைப் பிளக்காமல், தொடை ரத்தக்குழாய் வழியாகப் புது வால்வைக் கொண்டுபோய்ப் பொருத்தினார்கள். அது பிடிமானம் கிடைக்காமல் மேலே நழுவி, பெருந்தமனியில் போய் நின்றுவிட்டது. அபூர்வமாக நடப்பதுதான். டாக்டர் அதை அங்கேயே நிலைநிறுத்திவிட்டு, இன்னொரு வால்வைச் சரியான இடத்தில் வைத்தார். உயிர் தப்பியது. நடந்ததை ஒளிக்காமல் வீட்டாரிடம் சொல்லவும் செய்தார். அதில் குறையில்லை. குறையெல்லாம் பிறகு வந்த ஆண்டுகளில்.

வேலைக்குத் திரும்பியவருக்குக் கூட்டாளிகள் 'ஸ்டெப்னி' என்று பெயர் வைத்தார்கள்.

"நமக்கெல்லாம் ஒண்ணுதான். அண்ணனுக்கு மட்டும் ஸ்பேரோட குடுத்து அனுப்பிட்டாங்க."

"வயிறெரியாதடா. உனக்கும் காலம் வரும்" என்பார் அவர்.

முதல் வருடம் ஆஸ்பத்திரியில் நேரில் பார்த்தார்கள். அப்புறம் வருடத்துக்கு ஒரு போன். "எப்படி இருக்கீங்க ஐயா?" என்று நர்ஸ் கேட்பார். "உங்க புண்ணியத்துல நல்லா இருக்கேம்மா" என்பார் இவர். முடிந்தது. குசலம் விசாரிப்பதற்கா மருத்துவம் படிக்கிறார்கள்?

நான்காம் வருடம் மூச்சு முட்டத் தொடங்கியது. லிஃப்ட் நின்றுபோன கட்டடத்தில், அதைச் சரிசெய்ய வருகிறவன்தான் மாடி முழுக்கப் படியேற வேண்டும். படி திரும்பும் இடத்திலெல்லாம் இவர் நின்று, ஒலிக்காத போனைக் காதில் வைத்து, "ஆமா சார், வந்துட்டேன் சார்" என்று மூச்சு வாங்கினார். இரவில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடி தூங்கினார். கேட்டால் முதுகுவலி.

ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கும் மனைவி ஒரு நாள் பிடித்துக்கொண்டார்.

"யாருக்குக் காது குத்துறீங்க? படுத்தா மூச்சு முட்டுது. அதானே?"

"சும்மா இரு. உயிரக் குடுத்த மனுஷன்கிட்ட போய் குறை சொல்லச் சொல்றியா?"

"குடுத்த உயிரு இருக்கா போச்சான்னு அவருக்குத் தெரிய வேணாமா?"

ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டுதான் போனார். காத்திருக்கும் கூடத்தில் மெக்கானிக்குக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுந்தார், உட்கார்ந்தார், இரண்டு முறை வாசல்வரை போய் மனைவியின் முறைப்புக்குப் பயந்து திரும்பினார். பெயர் கூப்பிட்டதும், "ஒருத்தர் மட்டும்" என்று வாசலில் இருந்த உதவியாளர் மனைவியைத் தடுத்தார்.

உள்ளே டாக்டர் நலம் கேட்பதும், "நல்லா இருக்கேன் சார்" என்று இவர் சொல்வதும் கதவு வழியாகக் கேட்டன. மனைவி உதவியாளரின் கையை விலக்கிவிட்டு உள்ளே போனார்.

"பொய் சார். மாசக்கணக்கா உக்காந்துதான் தூங்குறாரு. படியேறும்போது வராத போன்ல பேசுறாராம். கூட வேலை செய்றவங்க சொல்றாங்க."

டாக்டர் உடனே ஸ்கேன் எடுக்கச் சொன்னார். இரண்டாவது வால்வின் ஓரத்தில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. இதயம் வீங்கியிருந்தது.

"கசிவ அடைச்சிடலாம். வீக்கம் எவ்வளவு குறையும்னு சொல்ல முடியாது. முன்னாடியே வந்திருக்கலாம்."

"மொத வால்வு நழுவுனதாலயா சார் இது?" என்று கேட்டார் மனைவி.

"தெரியலம்மா. இவர மாதிரி ஆனவங்களே கொஞ்சம் பேரு. அவங்களும் போன்ல நல்லா இருக்கேன்னு சொல்லிடுறாங்க. எங்க கம்ப்யூட்டர்ல எல்லாருமே நலம்."

தெரியாது என்று சொல்வது அறிவுக்கு அழகு. தெரிந்துகொள்ளாமலே வருடக்கணக்கில் தள்ளுவதா? சிகிச்சை இவருக்கு உரிமை. அதைப் பிச்சையாக எண்ணி வாயை மூடிக்கொள்ள இவரைப் பழக்கியது யார்?

கசிவை அடைத்தார்கள். இப்போது படுத்துத் தூங்குகிறார். ஆனால் இதயம் முழுதாகப் பழைய நிலைக்கு வரவில்லை. மாடி ஏறக்கூடாது என்றுவிட்டார்கள். அலுவலகத்தில் புகார் கேட்கும் நாற்காலியில் உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டே இருக்கிறார்.

உங்கள் வீட்டிலும் வால்வு வைத்துக்கொண்டவர் இருப்பார். போனில் விசாரித்தால் போதாது, நேரில் ஸ்கேன் வேண்டும் என்று கேளுங்கள். அன்று நீங்களும் கூடப் போங்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிடாதீர்கள். உள்ளே போய், வீட்டில் உங்கள் கண்ணால் பார்த்ததை டாக்டரிடம் சொல்லுங்கள்.