ஒரகடம் மேம்பாலத்தில் பனிச்சறுக்கு

பனிச்சறுக்கு ஓட்டத்தில் மூன்று வருடம் தொடர்ந்து நான் தேசிய சாம்பியன். ஒரகடத்தில் சொன்னால் யாரும் நம்புவதில்லை. மலை உச்சியிலிருந்து சறுக்கி வரும் விளையாட்டு அல்ல இது. காலில் ஸ்கீ என்னும் நீளமான பலகை, இரண்டு கையிலும் கோல். மேடும் இறக்கமுமான பனியில் பத்து கிலோமீட்டர் உந்தி உந்திப் போக வேண்டும்.

தண்டலம் பக்கம் கல்லூரியில் படித்தபோது நான் நெடுந்தூர ஓட்டக்காரி. விளையாட்டு ஆசிரியர் ஒருநாள் சக்கரம் வைத்த ஸ்கீ கொண்டுவந்தார். அதில் பழகினேன். ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனியில் சேர்ந்த பிறகும், ஷிப்ட் இல்லாத காலைகளில் அதைக் கட்டிக்கொண்டு தொழிற்பேட்டைச் சாலைகளில் தனியாக ஓடினேன்.

முதல் தேசியப் போட்டிக்கு வடக்கே போனபோதுதான் பனியையே பார்த்தேன். மேட்டில் பலரைத் தாண்டினேன். இறக்கம் வந்ததும் பயத்தில் உட்கார்ந்துவிட்டேன். நான்கு முறை விழுந்து, கடைசியாக வந்தேன்.

திரும்பி வந்து கம்பெனியில் அசெம்பிளி லைனில் நின்றபோது, பக்கத்தில் வேலை செய்யும் பிள்ளைப்பாக்கத்து அக்கா கேட்டார்.

“இன்னாடி, மூஞ்சி இப்டி கீது?”

“இறக்கத்துல விழுந்துட்டேன்க்கா. இங்க எல்லாம் சமதரை. எங்க போய்ப் பழக?”

அவர் கைவேலையை நிறுத்தவில்லை. “மேம்பாலம் கீதே. நாயித்துக்கெழம வா. நான் வண்டி எடுத்துகினு வர்றேன்.”

ஞாயிறு விடிந்ததும் வந்துவிட்டார். “எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது. பின்னாடி வர்ற லாரிய நான் பாத்துக்கறேன், நீ ரோட்டப் பாரு” என்றார். நான் முன்னால் இறங்க, இண்டிகேட்டர் போட்டபடி ஸ்கூட்டியில் மெதுவாகப் பின்தொடர்ந்தார். கன்டெய்னர் லாரிகள் ஹாரன் அடித்தன. அவர் ஒதுங்காமல், சுற்றிப் போகும்படி கையைக் காட்டினார்.

அடுத்த போட்டி வரை ஏறக்குறைய எல்லா ஞாயிறும் வந்தார். வாரத் துணி துவைப்பது, மாமியாரைச் சர்ச்சுக்கு அழைத்துப்போவது எல்லாம் அவருக்கு அன்றுதான். எப்படிச் சமாளித்தார் என்று நான் கேட்டதே இல்லை. அந்த வயதில் கேட்கத் தோன்றவில்லை.

அந்தப் போட்டியில் ஓர் இறக்கத்தில்கூட உட்காரவில்லை. முதலாவதாக வந்தேன்.

ஊர் திரும்பியதும் நேராகப் பிள்ளைப்பாக்கம் போனேன். அக்கா சோறு வடித்துக்கொண்டிருந்தார். பதக்கத்தை அவர் கழுத்தில் போட்டேன். “ஐயே, எனக்கு இன்னாத்துக்கு?” என்றாரே தவிர, கழற்றவில்லை. மாமியாருக்கும் எனக்கும் பரிமாறி, தானும் சாப்பிட்டு முடிக்கும்வரை அது அவர் கழுத்திலேயே கிடந்தது.

பிறகு இன்னும் இரண்டு பதக்கங்கள் வாங்கினேன். முழங்காலில் தசைநார் கிழிந்ததும் போட்டியை விட்டேன். அதில் வருத்தம் உண்டு, அதிகமில்லை. இப்போதும் அதே கம்பெனிதான். அக்காவும் நானும் ஒரே பஸ்ஸில் ஷிப்டுக்குப் போகிறோம்.