தேவாலயத் திறப்பு எங்கள் வீட்டில் இருந்த காலம்

கையில் இரும்பு மணம் பிடித்திருக்கும். சோப் போட்டுக் கழுவினாலும் போகாது... இரவு சோறு பிசையும்போதும் விரல்களில் அந்த மணம் இருக்கும்.

அது ஒரு தேவாலயத்தின் திறப்பு. சாவியை எங்கள் வீட்டில் அப்படித்தான் சொல்லுவோம். என் உள்ளங்கையை விட நீளம். இரண்டு கையாலும் பிடித்துத் திருப்ப வேண்டும்.

பிரான்ஸில் இருந்தோம் என்றால் இங்கே ஈஸ்ட் லண்டனில் எல்லோரும் பாரிஸைத்தான் கேட்கிறார்கள். நாங்கள் இருந்தது கடை இல்லாத, பஸ் வராத ஒரு குட்டி ஊர். பாண் ரொட்டி விற்கிற வான் வந்து ஹோர்ன் அடித்தால்தான் அங்கே ஆட்கள் இருப்பதே தெரியும். அப்பா பக்கத்து டவுனில் சீஸ் பக்டரியில் வேலை செய்தார். ஊர் மேயர் தேவாலயத்துக்கு எதிரே இருந்த கல் வீட்டைக் குறைந்த வாடகைக்குத் தந்தார்.

தரும்போது வீட்டுத் திறப்போடு இதையும் மேசையில் வைத்தார். "இது எப்போதும் இந்த வீட்டில்தான் இருக்கும். யாராவது பார்க்க வந்தால் திறந்துவிடுங்கள். உள்ளே நெருப்பு மட்டும் வேண்டாம்."

அவர் போனதும் அம்மா கேட்டார்.

"நாங்கள் சைவக்காரர். இவையள் ஏனப்பா எங்களை நம்பித் தருகினம்?"

"வீட்டோட வந்தது. வைச்சிரும்" என்றார் அப்பா.

நெருப்பு வேண்டாம் என்றதற்குக் காரணம் சுவரில் இருந்தது. தொள்ளாயிரம் வருஷத்துக்கு மேல் பழைய தேவாலயம் அது. மெழுகுதிரிப் புகை படிந்து படிந்து ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கரியாகக் கிடந்ததாம். ஆட்கள் வந்து பஞ்சால் ஒற்றி ஒற்றித் துடைத்தபோது உள்ளே ஓவியம் இருந்திருக்கிறது. கைக்குழந்தையோடு ஒரு பெண், அவளைச் சுமந்து போகும் ஒரு கழுதை. பெண்ணின் முகம் பாதி அழிந்துவிட்டது. கழுதை முழுசாக இருந்தது... சிரிக்கிற மாதிரி.

எனக்குப் பள்ளிக்கூடத்தில் வாய் திறக்க வராது. ரீச்சர் ஒவ்வொரு முறையும் அம்மாவைக் கூப்பிட்டு அதையே சொல்லுவார். ஆனால் பின்னேரங்களில் தேவாலயத்தைத் திறந்து, அந்தக் கழுதையோடு தமிழில் நிறையக் கதைப்பேன். கல்லும் ஈரமும் பழைய மெழுகும் கலந்த குளிர் மணத்தில்... எனக்குப் பதினொரு வயது.

ஒரு ஆவணி மாதம் வீட்டு வாசலில் ஒரு வான் வந்து நின்றது. பாரிஸில் இருந்து லூர்து மாதாவிடம் போகும் தமிழ் ஆட்கள். வழி தவறிவிட்டார்களாம். எங்களைக் கண்டதும் அவர்களுக்கு நம்பவே முடியவில்லை. அம்மா ஓடிப்போய் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தார். என்னிடம், "நீ போய்ச் சேர்ச்சைத் திறந்து காட்டு" என்றார்.

செருப்புகளை எல்லாம் படியிலேயே கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். அந்த ஊர் அப்படி ஒரு செருப்பு வரிசையைக் கண்டிருக்காது. அவர்களுக்குத் தலைவி மாதிரி இருந்த ஒரு பட்டுச்சேலை அன்ரி ஓவியத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு ஹான்ட்பாக்கைத் திறந்து கற்பூரப் பெட்டியை எடுத்தார்.

"லூர்தில சனமாக் கிடக்கும். இஞ்ச ஒருத்தரும் இல்லை. இதில ஒண்டு கொளுத்துவம்."

சரியாகக் கழுதைக்குக் கீழே வைத்தார்.

"அன்ரி... ஏலாது" என்றேன். எனக்கே கேட்கவில்லை.

நெருப்புக்குச்சியை உரசினார். எனக்குக் கரிச் சுவர்தான் கண்ணில் வந்தது. குனிந்து, பூ என்று ஊதி அணைத்துவிட்டேன்.

அவ்வளவு பேரும் மூச்சை இழுத்தார்கள். சாமிக்கு ஏற்றப்போன நெருப்பை வாயால் ஊதி அணைப்பதா!

"ஐயோ, ஊதி நூத்துப்போட்டாள்! ஆரடி உனக்கு இதெல்லாம் பழக்கினது?"

"உள்ளுக்குக் கொளுத்த ஏலாது அன்ரி. புகை பிடிச்சாக் கழுதை திரும்பவும் கரியாப் போயிடும்."

"சாமியை விட உனக்குக் கழுதை பெரிசோ? ஆர் சொன்னது ஏலாதெண்டு?"

"மேயர்."

"மேயர் இப்ப இஞ்ச நிக்கிறாரே?"

"இல்லை. நான் நிக்கிறன்."

அந்த வளைந்த கூரை என் குரலை எடுத்து எல்லாப் பக்கமும் எறிந்தது. நிக்கிறன்... நிக்கிறன்... என்று. அது என் குரல்தான் என்று எனக்குக் கொஞ்ச நேரம் விளங்கவில்லை.

அன்ரியின் புருஷன்தான் முதலில் சிரித்தார். "விடப்பா. பெட்டை விடாது. வெளியில வைச்சுக் கொளுத்தும்."

வாசல் படியில், செருப்புகளை விட்டுத் தள்ளி, கற்பூரம் எரிந்தது. அன்ரி கும்பிட்டார். ஒரு கண் என்னை முறைத்துக்கொண்டே இருந்தது.

தேத்தண்ணி குடிக்கும்போது அம்மாவிடம் சொன்னார், "உம்மட மகள் சரியான வாய்க்காரி!"

அம்மா கையில் தட்டோடு அப்படியே நின்றார். "ஆர்... இவளோ?"

"இவள்தான்!"

"எங்கட பிள்ளையோ?"

அம்மாவின் முகத்தில் வந்த சந்தோஷத்தை மறைக்க அவர் திரும்பவும் குசினிக்குள் போக வேண்டியிருந்தது.

அடுத்த வருஷமே லண்டன். பள்ளிக்கூடம் எனக்குச் சரிவரவில்லை, பதினாறில் விட்டுவிட்டேன். இப்போது ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு துணிக்கடையில் நிற்கிறேன். வாற ஆட்கள் "பாவம், வாய் பேசாத பிள்ளை" என்று எனக்கு முன்னாலேயே சொல்லுவார்கள். நானும் சிரித்துக்கொண்டு துணியை மடிப்பேன். எனக்கு அதில் கவலை இல்லை. தேவைப்பட்டால் என் குரல் எவ்வளவு தூரம் போகும் என்று எனக்குத் தெரியும்.

மனோர் பார்க் கோயிலுக்குப் போனால் கற்பூரம் தட்டுத் தட்டாக எரியும். யாரும் தடுக்கத் தேவையில்லை. எனக்கும் அங்கே ஒரு வேலையும் இல்லை... கும்பிட்டுவிட்டு பஸ் பிடித்து வந்துவிடுவேன்.

இங்கே எவ்வளவோ பெரிய தேவாலயங்களைக் கடந்து போகிறேன். ஒன்றாவது என் பொறுப்பில் இல்லை.

அந்தக் கல் வீட்டுக்கு இப்போது வேறு யாரோ வந்திருப்பார்கள். மேயர் அவர்களிடமும் திறப்பைக் கொடுத்து, நெருப்பு வேண்டாம் என்று சொல்லியிருப்பார். சொல்லாமல் விட்டிருக்க மாட்டார்.

ஆனால், ஊதி அணைக்க அந்த வீட்டில் ஒரு வாய்க்காரி இருக்கிறாளோ, தெரியவில்லை.