எழுதாத கேட் பாஸ்

கோவிந்தப்பன் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரே கம்பெனி கேட்டில் நாங்கள் இருவரும் வாட்ச்மேன்கள். குந்தாரப்பள்ளிச் சந்தையில் அவர் வாங்கிய மாட்டின் கதையைக் கேட்டு முடிக்காமல் என் ஷிஃப்ட் தொடங்காது. அந்த மனிதர்தான் மூன்று நாள் போலீஸ் ஸ்டேஷனில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்.

சரக்கைச் சரிபார்த்து, கேட் பாஸில் கையெழுத்துப் போட்டு, லாரியை வெளியே விடுவது எங்கள் வேலை. சாப்பிடப் போனால் லாரி நிற்கும், மேனேஜர் திட்டுவார். அதனால் காலையிலேயே எதுவும் எழுதாத பத்துப் பாஸ்களில் கையெழுத்துப் போட்டு ஆபீசில் கொடுத்துவிடுவோம். அவரும் போட்டார், நானும் போட்டேன், மேனேஜருக்கும் தெரியும். அப்படி ஒரு பாஸில் யாரோ கம்பெனியின் செம்புக் கம்பியைத் திருடி லாரியில் ஏற்றிப் போய்விட்டார்கள். கையெழுத்து கோவிந்தப்பனுடையது. மேனேஜர் தனக்கு ஒன்றும் தெரியாது என்று கை விரித்துவிட்டார். எனக்கு அந்த மேனேஜர்மேல் இன்னும் கோபம் தீரவில்லை.

"உங்களையே மாட்டிவிடற கேள்விக்குப் பதில் சொல்லணும்னு சட்டத்துல கட்டாயம் இல்லண்ணா. அதை மட்டும் சொல்லிட்டு உக்காந்துருங்க" என்று கோவிந்தப்பனிடம் சொன்னார் அவருடைய வக்கீல் மணிமேகலை.

தினமும் காலையில் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லி, சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பினார்கள். முதல் நாள் எஸ்.ஐ. சத்தம் போட்டார். "வாயில என்ன கொழுக்கட்டையா?"

"பதில் சொல்ல எனக்கு இஷ்டம் இல்லைங்க சார்."

இரண்டாம் நாள் டீ வாங்கிக் கொடுத்து, "இன்னும் யாரு இப்படி எழுதாத பாஸ்ல கையெழுத்துப் போடறது?" என்று கேட்டாராம். அதற்கும் அதே பதில். அவர் என் பேரைச் சொல்லியிருந்தால் பக்கத்துப் பெஞ்சில் நான் உட்கார்ந்திருப்பேன். வெளியே பைக்கில் சாய்ந்து நின்ற எனக்கு வெட்கமாக இருந்தது.

அன்று சாயங்காலம் வீட்டில் அவர் மனைவி ருக்மணி கேட்டார்: "எடுக்கலன்னு ஒரு வார்த்தை சொன்னா என்னா?"

"சொன்னா அடுத்த கேள்வி வரும்மா" என்று சொல்லிவிட்டு, சட்டையைக்கூடக் கழற்றாமல் படுத்துவிட்டார்.

மூன்றாம் நாள் அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. அவர்களும் அலுத்துப் போயிருந்தார்கள். மாலையில், கர்நாடகா பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில் கம்பி கிடைத்துவிட்டது, லாரி டிரைவரும் சிக்கிவிட்டான் என்று தகவல் வந்தது. முதல் நாளே வாங்கி வைத்திருந்த செல்போனைக் கோவிந்தப்பனிடம் திருப்பிக் கொடுத்தார்கள். சாட்சிக் கையெழுத்துக்கு என்னை உள்ளே கூப்பிட்டார்கள்.

போனைப் பெற்றுக்கொண்டதாக ஒரு முழுத் தாளில் இரண்டே வரி எழுதியிருந்தது. கையெழுத்துப் போடும் இடம் தாளின் அடியில். நடுவில் எல்லாம் காலி. கோவிந்தப்பன் இரண்டு வரியையும் விரல் வைத்துப் படித்தார். பிறகு பேனாவை வாங்கி, காலி இடத்தின் குறுக்கே மேலிருந்து கீழ் வரை ஒரு கோடு இழுத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

"என்னய்யா, எங்க மேல நம்பிக்கை இல்லையா?" என்றார் எஸ்.ஐ.

கோவிந்தப்பன் பேனாவை என்னிடம் நீட்டினார். நானும் அந்த இரண்டு வரியைப் படித்துவிட்டுத்தான் போட்டேன்.