பின்னால் இறக்கிய பத்தி

அன்னப்பூரணிக்குக் கோபம் வருவது அபூர்வம். பத்திரம் எழுதும் நொத்தாரிசு வீட்டில் ஒருமுறை வந்தது. மகள் தனுஷாவுக்கு வீட்டைச் சீதனமாக உறுதி எழுதிக் கொடுத்த நாள் அது.

"உங்களுக்குச் சீவிய உரித்து வைப்பமா? சாகுமட்டும் அந்த வீட்டில இருக்கிற உரிமை" என்று நொத்தாரிசு கேட்டார். மாப்பிள்ளை வீட்டார் எதிரில் உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்குச் சுள்ளென்று வந்துவிட்டது.

"குடுத்த வீட்டில எனக்கென்ன உரித்து? முழுசா எழுதுங்க ஐயா."

குவைத்தில் பிறர் வீட்டுக் கோப்பை கழுவி, வாவிக்கரையில் கட்டிய வீடு அது. கல்யாணம் முடிந்ததும் ஊர் வழக்கப்படி இளசுகளுக்கு இடம் விட்டாள். குசினிக்குப் பின்னால், மிஞ்சிக் கிடந்த கல்லை வீட்டுச் சுவரோடு சேர்த்து அடுக்கி, மேலே தகரம் போட்டு ஒரு பத்தி இறக்கி, அதற்குள் ஒதுங்கிக்கொண்டாள். எங்கே இருக்கிறாய் என்று யார் கேட்டாலும், "மகள்ர வீட்ட" என்பாள். அதில் கொஞ்சம் மிதப்பும் இருக்கும். இருக்கட்டுமே, பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்தவளுக்கு அதுகூட இல்லாவிட்டால் எப்படி?

நாடு பட்ட பாட்டில் மருமகன் லண்டன் போனான். தனுஷாவுக்கும் விசா வந்தது. வீட்டை விற்றால்தான் பயணம்.

"பயப்படாதீங்கம்மா. வாங்குற ஆக்களோட கதைச்சிட்டன். நீங்க பத்திக்குள்ளயே இருக்கலாமாம்" என்றாள் மகள்.

அன்னப்பூரணி நம்பினாள். வாங்க வந்த தக்ஷாயினி ரீச்சரும் பொய் சொல்லும் பெண் அல்ல. ஆனால் கையெழுத்துப் போடுமுன் வீட்டைப் பார்த்துச் சொல்ல சீனித்தம்பி மேசனைக் கூட்டி வந்தாள். அவர் சுவர்களைத் தட்டிப் பார்த்தார், கூரையில் ஏறினார், கிணற்றை எட்டிப் பார்த்தார். பத்திக்குள்ளும் குனிந்து போய் வந்தார். பிறகு எல்லோரும் முன் மண்டபத்தில் உட்கார்ந்தார்கள். அன்னப்பூரணி தேத்தண்ணி ஊற்றப் போனாள்.

"ஓடு முழுக்க மாத்தணும் அக்கா" என்றாள் தக்ஷாயினி.

"முழுக்க ஏலாது. ஒழுகுற பக்கத்தை மட்டும் மாத்தித் தாறன்" என்றாள் தனுஷா.

"சாமியறைச் சுவர் உப்புப் பூத்திருக்கு."

"வாவிக்கரையில உப்புப் பூக்காத சுவர் எங்க இருக்கு? பூச்சுக் கூலியில பாதி நீங்க, பாதி நாங்க."

கிணற்றுக் கட்டுக்குத் தனுஷா போட்ட வாதத்தில் மேசனே சிரித்துவிட்டார். குசினிக்குள் நின்ற அன்னப்பூரணிக்குப் பெருமை தாங்கவில்லை. வாய்க்காரி, என் பிள்ளை!

அவள் தேத்தண்ணியோடு வாசலுக்கு வந்தபோது மேசன் கடைசி விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பின்பத்திக்கு அத்திவாரம் இல்ல. அது இறங்கி இறங்கி வீட்டுச் சுவரையும் வெடிக்க வச்சிட்டு. அத உடைச்சாத்தான் வெடிப்ப அடைக்கலாம்."

தக்ஷாயினி தலை குனிந்துகொண்டாள். "நான் இத எதிர்பார்க்கல்ல. ஆனா அத உடைச்சுத் தந்தாத்தான் எழுதுவம் அக்கா."

அன்னப்பூரணி அசையாமல் நின்றாள். ஓட்டுக்கும் உப்புக்கும் சண்டை பிடித்த வாய், இதற்கும் ஏதாவது சொல்லும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி. உடைச்சுத் தாறன்" என்றாள் தனுஷா.

ஒரு வார்த்தை பேரம் இல்லை. சீவிய உரித்து வைப்பமா என்று அன்று கேட்ட நொத்தாரிசின் முகம் அன்னப்பூரணியின் கண்முன் வந்தது. ஆனாலும் தேத்தண்ணியைச் சிந்தாமல் கொடுத்தாள்.

அவர்கள் போனபிறகு தனுஷா அழுதாள். "எனக்கு வேற வழி இல்லம்மா. கொஞ்ச நாளைக்குக் கதிரவெளிச் சின்னம்மாவோட இருங்க. மறுகா நான் கூப்பிடுறன்."

"அழாத புள்ள. மேசன் உள்ளதத்தானே சொன்னார்" என்று அன்னப்பூரணிதான் மகளைத் தேற்றினாள். பெற்றவளுக்கு அந்த வேலையும் மிஞ்சியிருந்தது.

உடைக்க வந்ததும் அதே சீனித்தம்பிதான். அவளுடைய பாயும் பெட்டியும் முற்றத்தில் இருந்தன. முதல் தகரத்தைக் கழற்றியபடி அவர் சாதாரணமாகத்தான் கேட்டார்.

"இனி எங்க அக்கா இருக்கப் போறீங்க?"

"மகள்ர..." என்று பழக்கத்தில் வாய் தொடங்கிவிட்டது. அன்னப்பூரணி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். மேசன் அடுத்த தகரத்தில் கை வைத்தார்.