இரகுநாதனின் இருபத்தைந்து ரூபாய் யுகலேலே

ஐம்பத்தைந்தாம் ஆண்டு, ஹாலிஎலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் சின்னக் கிளாக்கராக இருந்த இரகுநாதனுக்குச் சம்பளம் நூற்றுப்பத்து ரூபாய். ஆசை, ஒரு யுகலேலே, அந்த நாலு தந்திக் குட்டி கிட்டார். பல மாதம் வாயைக் கட்டி அறுபது ரூபாய் சேர்த்தும் விட்டான். ஆனால் எவ்வளவுக்கு வாங்குவது என்று தீர்மானிக்கும் அதிகாரம் அவனுடைய சட்டைப்பைக்கு இல்லை. அது பெரிய கிளாக்கர் பரமலிங்கத்திடம் இருந்தது.

பரமலிங்கத்திடம் ஏற்கெனவே ஒரு யுகலேலே உண்டு. விலை முப்பத்தைந்து ரூபாய், கேட்காதவர்களுக்கும் சொல்லிவிடுவார். அந்தக் கந்தோரில் குடை, சப்பாத்து, சைக்கிள் எல்லாம் பதவி வரிசைப்படிதான் விலை ஏறும். போன வருடம் ஸ்டோர் கிளாக்கர் ஆசைப்பட்டு, பரமலிங்கத்தினுடையதைவிட நல்ல கைக்கடிகாரம் ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தார். சம்பள உயர்வுப் பட்டியலில் அவருடைய பெயரைக் காணோம். இரகுநாதனின் வேலையை நிரந்தரமாக்கச் சொல்லித் தை மாதம் தோட்டத் துரைக்கு ஒரு கடிதம் போகவேண்டும். அதை எழுதுகிறவரும் பரமலிங்கம்தான்.

பதுளையில் மஹ்ரூப்பின் கடையில் இரண்டு யுகலேலேக்கள் இருந்தன. இருபத்தைந்து ரூபாய்க்காரன் தகரப்பேணியைத் தட்டியதுபோலச் சத்தம் போட்டது. அறுபது ரூபாய்க்காரனை ஒரு தடவை மீட்டியதுமே இரகுநாதனுக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. அதுவரை அவன் எதையும் இவ்வளவு விரும்பியதில்லை, ஊரில் பேசி வைத்திருக்கும் பெண் உட்பட.

"நானா, இதைத் தாங்கோ. ஆனா பில்லிலை இருபத்தைஞ்செண்டு போடுங்கோ."

மஹ்ரூப் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனைப் பார்த்தார். "கூடப் போடச் சொல்ற கிளாக்கர்மாரத்தான் கண்டிருக்கேன். கொறச்சுப் போடச் சொல்ற மொதல் ஆள் நீங்கதான்."

மறுநாள் அந்தப் பில் பெரிய கிளாக்கரின் மேசையருகே 'தவறி' விழுந்தது. பரமலிங்கம் எடுத்துப் படித்தார். தன் அளவு தெரிந்த பொடியன் என்று ஸ்டோர் கிளாக்கரிடம் மெச்சிக்கொண்டார்.

பின்னேரம் இரகுநாதன் தன் குவாட்டர்ஸில் உட்கார்ந்து வாசித்தான். பரமலிங்கம் வாசலில் வந்து நின்று கேட்டார். உள்ளே வந்தார். யுகலேலேயை வாங்கி, தானும் மீட்டிப் பார்த்தார். முப்பத்தைந்து ரூபாய் கொடுத்த முகம் மெல்லச் சுருங்கியது.

"தம்பி, இது இருக்கவேண்டிய இடம் வேறை. நீர் பிறகு இன்னொண்டு வாங்கலாம். இந்தாரும் இருபத்தைஞ்சு. பஸ் காசுக்கு மேலாலை ரெண்டு."

இரகுநாதன் வாயைத் திறந்தான். உண்மையைச் சொன்னால் அறுபது ரூபாய் வெளியே வரும். தை மாதக் கடிதம் வெளியே வராது. காசை எண்ணி வாங்கினான். அழுகைகூட வந்தது.

"ஐயாவுக்குப் பெரிய மனசு," என்றான்.

யுகலேலேயோடு படியிறங்கிய பரமலிங்கம் திரும்பினார். "அப்புத்தளையிலை என்ர மச்சானும் ஒண்டு தேடித் திரியிறார். அடுத்த கிழமை பதுளைக்குப் போய் இதே சாமான், இதே விலைக்கு எடுத்துக்கொண்டு வாரும். வந்தாப்பிறகு உம்மடை கடிதத்தை எழுதுவம்."